சாயமா, ரத்தமா

டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி ஆயிரம் கேலி உண்டு. என் கையெழுத்தைப் படிக்க உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் நல்ல கையெழுத்துக்காக இரண்டு முறை பரிசு வாங்கியவன் நான். அதனால் கையாலேயே எழுதித் தாருங்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னலோரமாக மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். காற்று வருகிறது, பேனாவும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. வேறென்ன வேண்டும்.

நான் கலகலப்பான ஆள். விசாரணை அறைக்கு வருகிறவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று உங்கள் உதவியாளர் நினைக்கிறார் போலிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நான் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். என் சுபாவம் அப்படி.

என் வேலை ஸ்கேன் படம் பார்ப்பது. நோயாளியை நான் தொடுவதில்லை, ஊசி போடுவதில்லை, நாக்கை நீட்டச் சொல்வதில்லை. அரையிருட்டான ஓர் அறையில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதுவேன். இருபத்தாறு வருடங்களாக இதுதான். அதிலும் பக்கவாதம் வந்தவர்களின் தலை என்றால் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும்; மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொண்டால் பக்கவாதம். எங்கள் ஆஸ்பத்திரியில் குழாய் டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார், பட்டப்பெயர்தான். தொடையில் சின்னத் துளை போட்டு, நூல் மாதிரியான குழாயை மூளை வரைக்கும் ஏற்றி, கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார். வழி தெரிவதற்காக இடையிடையே சாயம் செலுத்துவார். துணிக்குப் போடுகிற சாயம் இல்லை. எக்ஸ்ரேயில் மட்டும் தெரிகிற ஒரு மருந்து. எல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்கேன் எடுப்போம். அதில் சிலருக்கு மூளையில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அடிபட்ட இடத்தில் சாயம் ஊறித் தங்கியிருந்தாலும் வெள்ளை. ரத்தம் கசிந்திருந்தாலும் வெள்ளை. சாயம் என்றால் கவலையில்லை, ஓரிரு நாளில் தானே போய்விடும். ரத்தம் என்றால், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்தைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கசிவு பெருகி ஆளே போய்விடலாம். மருந்தைக் கொடுப்பதா, நிறுத்துவதா என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. சாயமா, ரத்தமா.

எனக்கு அது பார்த்தவுடன் தெரியும். ரத்தம் மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் ஏறினவரைப் போல. கொஞ்சம் மங்கலாக, பக்கத்திலிருப்பதை இடித்துத் தள்ளிக்கொண்டு, இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். சாயம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர். பளிச்சென்று இருக்கும், யாரையும் இடிக்காது. இதை நான் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் புது மிஷின் ஒன்று வந்தது. ஒரே சமயத்தில் இரண்டு விதமான கதிரில் படம் எடுத்து, சாயத்தை மட்டும் கழித்துவிட்டு இன்னொரு படத்தைக் காட்டும். வெள்ளை மறைந்துபோனால் அது சாயம், மறையாமல் நின்றால் ரத்தம். இனிமேல் உங்களுக்கு வேலை இல்லை என்று எல்லோரும் என்னைச் சீண்டினார்கள். சரி, பார்த்துவிடலாம் என்றேன். ஆறு மாதம் நான் முதலில் சொல்லுவேன், பிறகுதான் டெக்னீஷியன் அம்மா பொத்தானை அமுக்குவாள். நூற்றுச் சொச்சம் தலைகள். இரண்டே இரண்டில் மிஷினும் நானும் முரண்பட்டோம். இரண்டிலும் மறுநாள் ஸ்கேனில் நான் சொன்னதுதான் சரி என்று ஆனது. அன்றைக்கு டெக்னீஷியன் அம்மா எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். மிஷினுக்கு ஒன்று எடுத்து வைத்தாள்.

இனி அண்ணனைப் பற்றி.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். கற்றுக்கொடுக்கிற காரில் சொல்லிக்கொடுக்கிறவரின் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். முப்பத்தைந்து வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் வீட்டுக்கு வந்தாலும் அதிலிருந்து இறங்கவில்லை. அண்ணி குழம்பில் உப்புப் போடும்போது மெதுவா, மெதுவா என்பார். மகள் செருப்பு மாட்டும்போது பின்னால் பார்த்து மாட்டச் சொல்வார். கல்யாண வீடாக இருந்தாலும் துக்க வீடாக இருந்தாலும் அவர் இருக்கிற மூலையில்தான் கூட்டம். ஒரு கதையை நூறு முறை சொல்வார், நூறாவது முறையும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு கீழே, அண்ணி கையால். அண்ணன் எனக்கு வைத்த பெயர் படம். என் தம்பி ஆஸ்பத்திரியில் படம் பார்க்கிறான், டிக்கெட் கூட வாங்குவதில்லை என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வாங்கிக்கொண்டு அவர் முடித்துவிடுவார். அவர் முடிப்பது எப்போதும் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கும். இதில் எனக்கு மனக்கசப்பு எதுவும் கிடையாது. நீங்கள் திரும்பத் திரும்ப இதையே கேட்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த ஒரு பெண் ஒருமுறை வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தாள். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு வாரமாக வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். "உங்களை நான் பார்த்த நாளிலிருந்து" என்று ஆரம்பித்தேன். அண்ணன் உள்ளே வந்துகொண்டிருந்தார். "இவன் உங்கள எங்க பாத்தாம்மா, உங்க மண்டையோட்டத்தான் பாத்திருப்பான்" என்றார். அவள் தேநீர் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். நல்ல நகைச்சுவைதான். அவளுக்கு அடுத்த வருடம் வேறிடத்தில் கல்யாணமாயிற்று. இது நடந்து இருபத்திரண்டு வருடமாகிறது. வருகிற மாதம் ஒன்பதாம் தேதி வந்தால் இருபத்து மூன்று. இதை உதாரணத்துக்குத்தான் சொன்னேன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு அண்ணன் ஒரு வங்கி அதிகாரிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் திருப்பு என்று சொல்ல வந்தவருக்கு வாய் குழறியது. அதிகாரி அது ஏதோ புதுப் பாடம் என்று நினைத்து இடது பக்கம் திருப்பி, ஒரு பள்ளிக்கூடத்து வேலிச்செடிக்குள் வண்டியை விட்டுவிட்டார். பிரேக் அமுங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விபரீதம் புரிந்திருக்கிறது. இன்னொரு காரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் ஓடி வந்து, அப்பாவை அள்ளிப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடத்தில் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாள். கெட்டிக்காரி.

தள்ளுவண்டியில் படுத்திருந்தார். வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் குனிந்து, "அண்ணா, பயப்படாதீங்க, கட்டி எங்க இருக்குன்னு பாத்துட்டேன், எடுத்துடலாம், நான் இங்கயேதான் இருக்கேன்" என்றேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு அண்ணன் மேல் மிகவும் பிரியம் வந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

குழாய் டாக்டர் அன்றைக்குப் பிரமாதமாக வேலை செய்தார். கட்டி ஒரே இழுப்பில் வந்தது. கழுத்திலுள்ள ரத்தக் குழாய் சுருங்கியிருந்ததால் அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்தார். குழாய் திறந்தே இருக்க உள்ளே வைக்கிற சின்ன வலைக்கூடு. புதிதாக வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் உடனே மருந்தைத் தொடங்கியாக வேண்டும். வேலை முடிவதற்குள்ளேயே அண்ணனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. முதலில் சொன்னது என்ன தெரியுமா. தொடையிலிருந்து குழாயை உருவிக்கொண்டிருந்த டாக்டரிடம், ரிவர்ஸ் எடுக்கும்போது அவசரப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அறை முழுக்கச் சிரிப்பு. குழாய் டாக்டர் வெளியே வந்து அண்ணியிடம் அதை அப்படியே சொன்னார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "சித்தப்பா, அப்பா வந்துட்டாரு" என்றாள்.

பிறகு ஸ்கேன்.

சொந்த அண்ணனின் படத்தை நீங்கள் ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என்னோடு வேலை பார்க்கிற இன்னொரு டாக்டர் அன்று விடுப்பு. தவிர, குழாய் டாக்டர் என் வாயால் கேட்டால்தான் நம்புவார். உங்க அண்ணனுக்கு உங்களவிட நல்ல கண்ணுக்கு நான் எங்க போவேன் என்றார்.

திரையில் படம் வந்தது. இடது பக்கம், பேச்சுக்குப் பொறுப்பான பகுதிக்குக் கொஞ்சம் உள்ளே, புளியங்கொட்டை அளவு வெள்ளை. பளிச்சென்று இருந்தது. யாரையும் இடிக்கவில்லை. டெக்னீஷியன் அம்மா பொத்தானை அமுக்கி, சாயத்தைக் கழித்த படத்தையும் போட்டாள். வெள்ளை மறைந்துவிட்டது. துடைத்து வைத்த பீங்கான் மாதிரி இருந்தது. "சாயந்தான் சார், போயிடுச்சு பாருங்க" என்றாள். அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

அப்போது ஸ்கேன் அறையிலிருந்து மைக்கில் அண்ணன் குரல் வந்தது. "டேய் படம். என்னடா தெரியுது? உள்ள மூளை இருக்கா, இல்ல அதையும் சேத்து உருவிட்டாங்களா?"

டெக்னீஷியன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணனை மேஜையிலிருந்து இறக்குவதற்காக அவள் உள்ளே போனாள். போன் அடித்தது. குழாய் டாக்டர் எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டார், வணக்கம் கூட இல்லாமல்.

"சாயமா, ரத்தமா?"

"ரத்தம்" என்றேன்.

"நிச்சயமா?" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் என்பதால் கேட்டிருப்பார்.

"நான் என்னைக்கு மாத்திச் சொல்லியிருக்கேன்?" என்றேன். பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தட்டச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

டெக்னீஷியன் அம்மா திரும்பி வந்து அறிக்கையைப் படித்தாள். அந்தத் துடைத்த படத்தை இன்னொரு முறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான்தான் சரியாப் பாக்கல போல சார்" என்றாள். பரவாயில்லை, இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும் என்று சொன்னேன். உங்கள் விசாரணைக் குழுவிடமும் அவள் அதையே சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நான்கு வருடமாக அந்தப் பொத்தானை அவளைவிடச் சுத்தமாக அமுக்கியவர் இல்லை.

மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார்கள். மத்தியானம் முழுக்க நான் அண்ணனோடு வார்டில் இருந்தேன். அருமையான மத்தியானம். பக்கத்துக் கட்டில்காரரின் உறவுக்காரர்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். வங்கி அதிகாரி வேலிச்செடிக்குள் போன கதையை அண்ணன் அதற்குள் மூன்று விதமாகச் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு நர்ஸ் ஒருத்தி தேநீர் கொண்டுவந்தாள். அவளுக்கு லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மொதல்ல கண்ணாடியப் பாக்கணும், அப்பறம்" என்றவர் அதோடு நின்றுவிட்டார். அப்புறம் என்ன என்று நர்ஸ் கேட்டாள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டுவிட்டது.

குழாய் டாக்டர் ஓடி வந்தார், திரும்பவும் உள்ளே கொண்டுபோனார்கள், இரண்டு மணி நேரம் போராடினார். இந்த முறை நேரம் கடந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது பக்கம் அசையாது. பேச்சு வராது. மறுநாள் காலை எடுத்த படத்தில் முதல் நாள் வெள்ளை இருந்த சுவடே இல்லை. ரத்தமாயிருந்தால் ஒரு நாளில் போகாது, நாள்கணக்கில் நிற்கும். குழாய் டாக்டர் திரையின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "சாயமா இருந்திருக்கு. விடுங்க. யாருக்கும் வரும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஒன்பது மாதமாகிறது. வீட்டுக்கு வந்து பாருங்கள், எவ்வளவு அமைதி. சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். அண்ணி முன்பெல்லாம் சமையலறையில் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள், இப்போது அந்தச் சத்தமும் இல்லை. அவளுக்கும் ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது. மகள் தனியாக ஸ்கூலைப் பார்த்துக்கொள்கிறாள். பொறுப்பு வந்துவிட்டது, சிரித்துப் பேசி நேரத்தை வீணாக்குவதில்லை. இதெல்லாம் நான் குடும்பத்துக்குச் செய்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ள மாட்டேன். ஆனால் எல்லோரும் மூச்சு விட ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பதை யார் மறுக்க முடியும்.

மாலையில் ஒரு மணி நேரம் அண்ணனுக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். எனக்கே தெரியாமல் என்னிடம் இத்தனை கதைகள் இருந்திருக்கின்றன. சிலவற்றை இரண்டு முறை சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் மெருகேறுகிறது. சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழியும். முகத்தசை பலவீனமானவர்களுக்கு அப்படி வழிவது உண்டு, நான் துடைத்துவிடுவேன்.

உங்கள் குழு மிகுந்த கருணையோடு விசாரித்தது. அதற்கு நன்றி. சொந்த அண்ணன் என்ற பதற்றத்தில் அனுபவமுள்ள டாக்டரின் கண் தவறிவிட்டது, உள்நோக்கம் எதுவுமில்லை என்று எழுதிக் கோப்பை மூடினீர்கள். எனக்கு ஒரு வாரம் விடுப்பும் கொடுத்தீர்கள். நானும் அதை அப்படியே விட்டிருப்பேன்.

ஆனால் சென்ற வாரம் மாணவர்களின் வகுப்பறை ஒன்றைத் தாண்டிப் போனேன். கதவு திறந்திருந்தது. திரையில் அண்ணனின் தலை. எனக்குத் தெரியாதா, எங்கிருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். பாடம் எடுத்தவள் அன்று விடுப்பிலிருந்த அதே டாக்டர். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில், மிகத் தேர்ந்த கண்ணும் சாயத்தை ரத்தம் என்று நினைத்துவிடக்கூடும் என்று எழுதியிருந்தது. பின் வரிசையில் ஒரு மாணவன், "இது யாருக்கும் தெரியுமே மேடம்" என்றான். யாரோ சிரித்தார்கள். அறைக்குத் திரும்பினேன். அன்று வந்த மூன்று பக்கவாதத் தலைகளுக்கும் போன் எனக்கு வரவில்லை. குழாய் டாக்டர் நேராக மிஷினைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறாராம். டெக்னீஷியன் அம்மா என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள்.

ஒரு மனிதன் இருபத்தாறு வருடம் சேர்த்து வைத்ததை இப்படி அலட்சியமாகத் தட்டிவிடக் கூடாது. ஆகவேதான் நானாக வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கண் தவறவில்லை. மிஷின் படத்தைத் தருவதற்கு முன்னாலேயே அது சாயம் என்று எனக்குத் தெரியும். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். எத்தனை மணி நேரத்தில் அடைக்கும் என்றுகூட ஏறக்குறையக் கணித்திருந்தேன். நான்கு மணி என் கணிப்பைவிடக் கொஞ்சம் முன்னால்தான். தெரிந்தேதான் ரத்தம் என்று சொன்னேன். அந்தப் பாடப் படத்தின் மேலே உள்ள வாசகத்தை நீக்கிவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தண்டனையைப் பற்றி நீங்கள் யோசித்து முடிவு செய்யலாம், அதில் நான் தலையிட மாட்டேன்.

வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டீர்கள். அண்ணிக்கும் மகளுக்கும் இன்னும் சொல்லவில்லை. அண்ணனிடம் நேற்று மாலையே சொல்லிவிட்டேன், அவரிடம் முதலில் சொல்வதுதானே மரியாதை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு ஆட்சேபணை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.